இளம் இங்கிலாந்து ஆட்டக்காரரின் முதல் சில ஆண்டுகளை எப்படிப் படிப்பது?

ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் கிரிக்கெட் பருவம் தொடங்கியதும், அந்நாட்டுச் செய்தித்தாள்கள் ஏதேனும் ஓர் இளைஞரின் பெயரை எடுத்துக்கொண்டு, அவர்தான் அடுத்த பாய்காட் என்றோ அடுத்த போத்தம் என்றோ எழுதத் தொடங்கிவிடும். தொலைக்காட்சியில் டெஸ்ட் ஆட்டம் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் அறிமுக ஆட்டத்தன்றுதான் முதன்முதலாகக் காதில் விழுகிறது. அதற்கு முன் அவர் எங்கே ஆடினார், யாருக்கு எதிராக ஆடினார், எந்த மாதத்தில் எந்த மாதிரியான ஆடுகளத்தில் ஓட்டம் எடுத்தார் என்பதெல்லாம் திரையின் அடியில் ஓடும் ஒரு வரிப் புள்ளிவிவரமாகச் சுருங்கிப் போகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் ஏழெட்டு ஆண்டுகளைப் புரிந்துகொள்ள விரும்பும் புதிய வாசகருக்காக எழுதப்பட்டது இக்கட்டுரை. இதில் இங்கிலாந்தின் மட்டையாளர் ஜோ ரூட்டின் தொடக்க ஆண்டுகளை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அவர் பின்னாளில் பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்பது அதற்குக் காரணமன்று. இங்கிலாந்தின் முறைமை வகுத்து வைத்திருக்கும் படிகளில் ஒன்றைக்கூடத் தாண்டிக் குதிக்காமல் ஏறி வந்தவர் அவர் என்பதே காரணம். ஒழுங்கான பாதையைத் தெரிந்துகொண்டால்தான், அதிலிருந்து விலகி வந்தவர்களின் கதையும் விளங்கும்.

முதலில் கவுண்டி என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் பழைய மாவட்டப் பிரிவுகளின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் சங்கங்களே கவுண்டிகள். இவற்றுள் முதல்தரத் தகுதி பெற்றவை 18; அவற்றில் ஒன்றான கிளாமார்கன் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. கடைசியாக இத்தகுதியைப் பெற்ற டர்ஹம் 1992இல் சேர்ந்தது. இச்சங்கங்கள் தமக்குள் ஆடும் கவுண்டி சாம்பியன்ஷிப் 1890இல் முறையான வடிவம் பெற்றது. நெடுங்காலம் ஒரே பட்டியலாக இருந்த இந்தப் போட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இரண்டு பிரிவுகளாக நடத்தப்படுகிறது. முதல் பிரிவின் அடியில் முடிப்பவர்கள் கீழே இறங்குவார்கள், இரண்டாம் பிரிவின் மேலே முடிப்பவர்கள் ஏறுவார்கள். ரூட் ஆடத் தொடங்கிய காலத்தில் ஒரு பிரிவுக்கு ஒன்பது அணிகளும் ஓர் அணிக்குப் பதினாறு ஆட்டங்களும் இருந்தன. 2022 முதல் மேல் பிரிவில் பத்து, கீழ்ப் பிரிவில் எட்டு என்ற கணக்கும், ஓர் அணிக்குப் பதினான்கு ஆட்டங்களும் நடைமுறையில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆட்டமும் நான்கு நாள் நடக்கும். நம் ஊரில் ரஞ்சிக் கோப்பைக்கு என்ன இடமோ, அங்கே இதற்கு அந்த இடம். ஆனால் ஒரு பருவத்தில் ஒருவர் ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை அங்கே கணிசமாக அதிகம்.

முதல்தர ஆட்டம் என்ற சொல்லுக்கும் ஒரு திட்டமான பொருள் உண்டு. தகுதி பெற்ற இரண்டு பதினோருவர் அணிகள், குறைந்தது மூன்று நாளுக்கு வகுக்கப்பட்ட ஆட்டத்தில், அணிக்கு இரண்டு இன்னிங்ஸ் என்ற முறையில் மோதினால்தான் அது முதல்தர ஆட்டம். இது வெறும் கணக்கு வழக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பின்னாளில் இங்கிலாந்து டெஸ்ட் அணியின் தலைவரான அலஸ்டர் குக் 20 வயதில் எசெக்ஸ் அணிக்காக, 2005 செப்டம்பரில் செம்ஸ்ஃபோர்டில், சுற்றுப்பயணம் வந்திருந்த ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக 214 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த அந்த இரட்டைச் சதத்தால் நாடு முழுவதும் அவர் பெயர் தெரிந்தது. ஆனால் அவருடைய முதல்தரச் சதங்களின் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது. அது இரண்டு நாள் ஆட்டம். பதிவேட்டில் இடமில்லாத ஓர் இன்னிங்ஸ் ஓர் இளைஞரின் பெயரை ஊரறியச் செய்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், புள்ளிவிவரங்களுக்கும் புகழுக்கும் உள்ள உறவு எப்போதும் நேரானதன்று என்பது விளங்கும். குறைந்த ஓவர் ஆட்டங்களின் கணக்கும் இருபது ஓவர் ஆட்டங்களின் கணக்கும் தனித்தனிப் பதிவேடுகள். ஓர் இளைஞர் சதம் அடித்தார் என்ற செய்தியைப் படித்ததும், எந்தப் பதிவேட்டில் என்று கேட்பது முதல் பழக்கமாக இருக்க வேண்டும்.

இனி ரூட்டின் கதைக்கு வருவோம். 1990 டிசம்பர் 30 அன்று யார்க்‌ஷயர் கவுண்டியின் ஷெஃபீல்டு நகரில் பிறந்த அவர், தந்தை ஆடிய ஷெஃபீல்டு காலேஜியட் என்ற உள்ளூர்ச் சங்கத்தில்தான் ஆட்டம் கற்றார். 2005இல் ஆஷஸ் வென்ற தலைவர் மைக்கேல் வானும் அதே சங்கத்தில் வளர்ந்தவர். சங்கக் கிரிக்கெட்டின் சிறப்பு என்னவென்றால், சனிக்கிழமைகளில் நடக்கும் லீக் ஆட்டங்களில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் நாற்பது வயதுக்காரர்களோடு சேர்ந்து ஆடுவார்கள். தன் வயதுப் பையன்களை அடித்து நொறுக்கும் சிறுவனுக்கு அங்கே வேறு பாடம் கிடைக்கும். வேகம் குறைந்தும் பந்தை வைத்த இடத்தில் வைக்கத் தெரிந்த ஒரு பழைய பந்துவீச்சாளர் அவனைப் பத்து ஓவருக்கு ஓட்டமே எடுக்க விடாமல் கட்டிப்போட்டுவிடுவார். திறமையான சிறுவர்களை இங்கிருந்து கவுண்டியின் வயதுவாரி அணிகள் எடுத்துக்கொள்ளும். பிறகு, கவுண்டி அகாடமி என்ற பயிற்சிக்கூடம். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான வட்டார அணிகளிடையே பல ஆண்டுகள் நடந்துவந்த பன்பரி விழா. அதன்பின் இரண்டாம் அணி.

இந்தக் கட்டத்தில் ரூட்டுக்கு இருந்த சிக்கல் உயரம். பதின்பருவத்தின் பெரும்பகுதியில் அவர் தன் வயதினரைவிடச் சிறிய உடலோடு இருந்தார். பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் வலு கையில் இல்லாததால், நின்று தடுப்பதையும், விட வேண்டிய பந்தை விடுவதையும், இடைவெளி பார்த்துத் தட்டி ஓடுவதையும் கற்றுக்கொண்டார். வயதுவாரி அணிகளில் சீக்கிரம் வளர்ந்த பையன்களே கண்ணில் படுவார்கள் என்பது எந்த நாட்டிலும் உள்ள குறைதான்; யார்க்‌ஷயரின் பயிற்சியாளர்கள், குறிப்பாகக் கெவின் ஷார்ப், அளவைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. பின்னர் ரூட் திடீரென்று உயரமாக வளர்ந்தபோது, உடலின் சமநிலையும் காலசைவும் மாறிப்போய், தெரிந்த ஆட்டத்தையே மறுபடி கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பதினாறு, பதினேழு வயதில் ஓர் இளைஞரின் ஓட்டங்கள் ஓராண்டு குறைந்தால், அதற்குக் காரணம் உடல் வளர்ச்சியாகவும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

பள்ளியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ரூட் கிங் எக்பர்ட் என்ற அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பதினைந்து வயதளவில் கிரிக்கெட் உதவித்தொகையோடு வொர்க்சாப் கல்லூரி என்ற கட்டணப் பள்ளிக்கு மாறினார். குக்கின் பாதையும் இதைப் போன்றதே. தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த அவர், இசைக்கான உதவித்தொகையில் பெட்ஃபோர்டு பள்ளிக்குச் சென்றார். இங்கிலாந்தில் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டுப் பிள்ளைகளே கட்டணப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆனால் தேசிய ஆடவர் அணியில் பல ஆண்டுகளாக அப்பள்ளிகளில் படித்தவர்களின் பங்கு பாதியளவுக்கும், சில வேளைகளில் அதற்கு மேலும் இருந்து வருகிறது. நல்ல புல்தரை, முழுநேரப் பயிற்சியாளர், வாரத்தில் பல நாள் பயிற்சி ஆகியவை அங்கே கிடைக்கின்றன. அரசுப் பள்ளிகள் பலவற்றில் கிரிக்கெட்டே இல்லை. 2023இல் வெளியான சுயேச்சை ஆணையத்தின் அறிக்கை இந்த ஏற்றத்தாழ்வை நேராகவே கண்டித்தது. ஆகவே “இயல்பான திறமை” என்று வர்ணனையாளர்கள் சொல்லும்போது, அத்திறமைக்கு நீரூற்றியவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்பது நியாயம்.

2007இல், 16 வயதில், ரூட் யார்க்‌ஷயரின் இரண்டாம் அணிக்கு ஆடினார். இரண்டாம் அணி என்பது வெறும் மாற்று ஆட்டக்காரர்களின் கூட்டமன்று. காயத்திலிருந்து மீள்பவர்கள், முதல் அணியில் இடமிழந்த மூத்தவர்கள், ஒப்பந்தம் தேடி வந்திருக்கும் வெளியூர்க்காரர்கள், அகாடமிச் சிறுவர்கள் என்று எல்லோரும் கலந்த இடம் அது. பார்வையாளர் சிலரே இருப்பார்கள், செய்தி வராது. ஆனால் ஒரு சிறுவனுக்குத் தொழில்முறை ஆட்டத்தின் வேகம் என்னவென்று முதலில் தெரிவது அங்கேதான். 2009 செப்டம்பரில், 18 வயதில், நாற்பது ஓவர் லீக்கின் கடைசி ஆட்டத்தில் ஹெடிங்லியில் எசெக்ஸ் அணிக்கு எதிராக அவருக்கு முதல் அணி வாய்ப்பு கிடைத்தது; 63 ஓட்டங்கள் எடுத்தார், அணி தோற்றது. 2010 தொடக்கத்தில் நியூசிலாந்தில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினார். அந்தக் கோப்பையைப் பற்றி நம்மிடையே இருக்கும் பரபரப்பு இங்கிலாந்தில் இல்லை. அது தேர்வாளர்களின் குறிப்பேட்டில் ஒரு பக்கம், அவ்வளவே.

2011தான் அவருக்கு முதல் முழுப் பருவம். ஸ்கார்பரோவின் கடலோர மைதானத்தில் சசெக்ஸ் அணிக்கு எதிராக 160 எடுத்தது அவருடைய முதல் முதல்தரச் சதம். அந்த ஆண்டு யார்க்‌ஷயர் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மழையில் நனைந்தே கழிந்த 2012 பருவத்தில், அவர்கள் மேலேற முயன்றுகொண்டிருந்தபோது, சவுத்தாம்ப்டனில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக ரூட் ஆட்டமிழக்காமல் 222 எடுத்தார். இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய விவரம், அந்த 222 இரண்டாம் பிரிவில் எடுக்கப்பட்டது என்பது. பிரிவைப் பார்த்து ஓட்டத்தின் மதிப்பைக் குறைப்பது தேர்வாளர்களின் வழக்கம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு, ஏனெனில் மேல் பிரிவில் சர்வதேசத் தரமுள்ள பந்துவீச்சாளர்கள் கூடுதலாக இருப்பார்கள். ஆனாலும் அந்தத் தள்ளுபடியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே விழுக்காட்டில் கொடுப்பது தவறு. ஈரமான கோடையில், நாள்தோறும் நின்று நின்று தொடரும் ஆட்டத்தில், தொடக்க ஆட்டக்காரராக இறங்கி இரட்டைச் சதம் எடுத்தவருக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது.

தொடக்க ஆட்டக்காரர் என்ற சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பயன்படும் டியூக்ஸ் பந்து கையால் தைக்கப்பட்டது; தையல் எடுப்பாக நிற்கும், மெருகு நெடுநேரம் குலையாது, ஆகவே அது காற்றில் வளைவதும் தரையில் பட்டு விலகுவதும் நாற்பது, ஐம்பது ஓவர் வரைகூட நீடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் குளிரும் மேகமும் ஆடுகளத்தின் ஈரமும் சேர்ந்துகொண்டால், மணிக்கு 125 கிலோமீட்டர் வேகத்தில் வீசுபவரே போதும், நல்ல மட்டையாளரைத் திணறடிக்க. ஆகஸ்டில் களம் காய்ந்துவிடும். ஓட்டம் எடுப்பது எளிதாகும். ஆகவே ஏப்ரலில் தொடக்க ஆட்டக்காரர் எடுத்த 60 ஓட்டங்களையும், ஆகஸ்டில் ஐந்தாம் இடத்தில் இறங்கியவர் எடுத்த 120 ஓட்டங்களையும் அருகருகே வைத்து எது பெரிது என்று கேட்டால், நான் முதலாவதையே பெரிதென்பேன். பந்துவீச்சாளர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும்: ஏப்ரலில் விக்கெட்டுகளைக் குவிக்கும் மிதவேகப் பந்துவீச்சாளர், தையல் சீக்கிரம் அமுங்கிவிடும் கூக்கபரா பந்தும் இறுகிய களமும் உள்ள ஆஸ்திரேலியாவில் ஆயுதமிழந்து நிற்பார். இதை உணர்ந்துதான் 2023இல் சாம்பியன்ஷிப்பின் சில சுற்றுகளைக் கூக்கபரா பந்தில் நடத்திப் பார்த்தார்கள். கவுண்டிகளில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

கவுண்டிக்கும் டெஸ்ட் அணிக்கும் இடையே இன்னொரு படி உண்டு. முன்பு இங்கிலாந்து ‘ஏ’ என்று அழைக்கப்பட்டு, இப்போது லயன்ஸ் என்ற பெயரில் இயங்கும் அணி அது. குளிர்காலத்தில் இந்த அணியை வெளிநாடுகளுக்கு அனுப்புவதன் நோக்கம், இங்கிலாந்தில் கிடைக்காத சூழலை இளைஞர்களுக்குக் காட்டுவது. சுழலும் களங்கள் அந்நாட்டில் அரிது. கோடையின் இரு முனைகளில் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் குவிக்கப்பட்ட பிறகு சுழற்பந்து வீச்சாளர்களுக்கு அங்கே வேலையே குறைந்துவிட்டது. எனவே ஓர் இங்கிலாந்து இளைஞர் ஆசியாவில் எப்படி ஆடுவார் என்பதைக் கவுண்டிப் பதிவேடு ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது.

ரூட்டின் அறிமுகம் அந்தச் சோதனையாகவே அமைந்தது. 2012 ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் ஓய்வு பெற்றதால் தொடக்க இடம் காலியானது. இந்தியச் சுற்றுப்பயணத்தில் அது நிக் காம்ப்டனுக்குக் கிடைத்தது, ரூட் வெளியே அமர்ந்திருந்தார். தொடரில் இங்கிலாந்து 2-1 என்று முன்னிலையில் இருக்க, டிசம்பர் 13 அன்று நாக்பூரில் தொடங்கிய நான்காவது டெஸ்டில், சமித் படேலுக்குப் பதிலாக ஆறாம் இடத்தில் ஆட அவரை எடுத்தார்கள். மெதுவான, உயிரற்ற களம். எதிரே அஸ்வின், பிரக்யான் ஓஜா, பியூஷ் சாவ்லா, அதே ஆட்டத்தில் அறிமுகமான ஜடேஜா என்று நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள். அதுவரை கவுண்டியில் தொடக்க ஆட்டக்காரராக இருந்த 21 வயதுப் பையன், 229 பந்துகளைச் சந்தித்து 73 ஓட்டங்கள் எடுத்தார். பார்ப்பதற்கு விறுவிறுப்பான ஆட்டமன்று. ஆனால் டிரா செய்தாலே தொடரை வெல்லலாம் என்ற நிலையில் அணிக்குத் தேவைப்பட்டது நேரம். அந்த நேரத்தை அவர் கொடுத்தார். 1984-85க்குப் பிறகு இந்திய மண்ணில் இங்கிலாந்து வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. சிறுவயதில் வலுவின்மையால் கற்றுக்கொண்ட பொறுமைதான் நாக்பூரில் கைகொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கிரிக்கெட் எழுத்தாளர் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்திருந்தது. 2005இல் குக் பெற்ற அதே விருது.

இத்தோடு தொடக்க ஆண்டுகள் முடிந்துவிட்டன என்று பலர் எண்ணுவார்கள். உண்மையில் கடினமான பகுதி இனிமேல்தான். 2013 மே மாதம் நியூசிலாந்துக்கு எதிராக, தன் சொந்த மைதானமான ஹெடிங்லியில், 104 எடுத்து முதல் டெஸ்ட் சதத்தை அடைந்தார். காம்ப்டனை நீக்கி அவரைத் தொடக்க ஆட்டக்காரராக்கினார்கள். லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 180 எடுத்தார். அந்த ஆஷஸ் தொடரில் அவர் எடுத்த மொத்த ஓட்டங்கள் 339. அதிலிருந்து 180ஐக் கழித்துப் பார்த்தால், மீதி ஒன்பது இன்னிங்ஸில் 159 ஓட்டங்களே கிடைக்கின்றன. அப்போது அந்தக் கழித்தலைச் செய்து பார்த்தவர்கள் குறைவு. சில மாதங்களில் ஆஸ்திரேலியாவில் மிட்செல் ஜான்சனின் வேகத்துக்கு முன் இங்கிலாந்து 5-0 என்று நொறுங்கியபோது, அடிலெய்டில் 87 எடுத்தும், 2014 ஜனவரியில் சிட்னியில் நடந்த கடைசி டெஸ்டில் ரூட் நீக்கப்பட்டார். ஐந்து மாதம் கழித்து, லார்ட்ஸில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 200 எடுத்துத் திரும்பி வந்தார். ஓர் ஆட்டக்காரரின் தொடக்க காலம் அறிமுகத்தில் முடிவதில்லை. எதிரணிகள் அவரைப் படித்து முடித்து, அதற்கு அவர் விடை கண்டுபிடிக்கும் வரை நீள்கிறது. ரூட்டுக்கு அது ஒன்றரை ஆண்டு.

எல்லோருக்கும் அந்த விடை உடனே கிடைத்துவிடுவதில்லை. ஹசீப் ஹமீதின் கதை இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. குஜராத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில், போல்டன் நகரில் பிறந்த அவர், 2016இல் லங்காஷயருக்காக யார்க்‌ஷயருக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். அவ்விரு கவுண்டிகளின் மோதலில் லங்காஷயர் ஆட்டக்காரர் ஒருவர் இதைச் செய்தது அதுவே முதல் முறை. அந்த நவம்பரில், 19 வயதில், ராஜ்கோட்டில் டெஸ்ட் அறிமுகம், 31, 82. மொகாலியில் விரல் முறிந்த நிலையில் எட்டாம் இடத்தில் இறங்கி ஆட்டமிழக்காமல் 59. இந்திய ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த முறிவோடு ஊர் திரும்பியவருக்கு அதன்பின் ஆட்டம் வரவில்லை. 2018 சாம்பியன்ஷிப்பில் அவருடைய சராசரி பத்தைக்கூடத் தொடவில்லை. 2019இல் லங்காஷயர் அவரை விடுவித்தது. நாட்டிங்ஹம்ஷயருக்குச் சென்று, மெல்ல ஓட்டங்கள் சேர்த்து, 2021 ஆகஸ்டில் டெஸ்ட் அணிக்குத் திரும்பியவர் லார்ட்ஸில் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். அடுத்த ஆட்டத்தில் ஹெடிங்லியில் 68 எடுத்தார். குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவில் மறுபடி சரிந்தார். டெஸ்ட் கணக்கில் இது தோல்விக் கதை போலத் தெரியலாம். ஆனால் 2025இல் சாம்பியன்ஷிப்பை வென்ற நாட்டிங்ஹம்ஷயர் அணியின் தலைவர் அவர்தான். கவுண்டி என்பது டெஸ்டுக்கு ஏறும் ஏணி மட்டுமே என்று பார்ப்பவர்களின் கண்ணுக்கு இந்த வாழ்க்கை தென்படுவதே இல்லை.

அதே 2016 பயணத்தில் இன்னோர் இளைஞரும் இருந்தார். நார்த்தாம்ப்டன்ஷயருக்காக அந்தப் பருவத்தில் ஆட்டமிழக்காமல் 282 எடுத்திருந்த பென் டக்கெட், இந்தியாவில் ஆடிய மூன்று இன்னிங்ஸிலும் அஸ்வினிடமே ஆட்டமிழந்தார். ஆறு ஆண்டுகள் டெஸ்ட் அணிப் பக்கமே வரவில்லை. 2022 டிசம்பரில் ராவல்பிண்டியில் சதத்தோடு திரும்பினார். 2024 பிப்ரவரியில், முன்பு தடுமாறிய அதே ராஜ்கோட்டில், அஸ்வின் அணியில் இருக்கையிலேயே 153 எடுத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் சுழற்பந்தை மண்டியிட்டு வளைத்து அடிக்கும் ஸ்வீப்பை அவர் விட்டுவிடவில்லை, அதைக் கூர்மையாக்கிக்கொண்டார். இளம் ஆட்டக்காரர் ஒருவரின் குறை எது, தனித்தன்மை எது என்று பிரித்தறிவதில் தேர்வாளர்கள் எவ்வளவு தடுமாறுவார்கள் என்பதை இந்த ஆறு ஆண்டு இடைவெளி காட்டுகிறது.

சிலர் படிகளைத் தாண்டியே வருகிறார்கள். லெஸ்டர்ஷயரின் கால்சுழல் வீச்சாளர் ரெஹான் அகமது மூன்றே முதல்தர ஆட்டங்கள் ஆடிய நிலையில், 2022 டிசம்பரில் கராச்சியில் டெஸ்ட் ஆடினார். அன்று அவர் வயது 18 ஆண்டு 126 நாள். 1949இலிருந்து பிரையன் குளோஸ் வைத்திருந்த சாதனை அவ்வாறு முறிந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் 48 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட். கால்சுழல் இங்கிலாந்தில் அருகிப்போன கலை என்பதால், ஒருவர் கிடைத்தால் அவரைக் கவுண்டியில் காய வைக்காமல் உடனே களமிறக்கும் ஆசை புரிகிறது. ஆனால் நாற்பது ஓவர் தொடர்ந்து வீசி, அடிவாங்கி, மறுநாள் மீண்டும் வீசும் பயிற்சி நான்கு நாள் ஆட்டங்களில்தான் கிடைக்கும். அந்தப் பயிற்சியைச் சர்வதேச அரங்கிலேயே பெற வேண்டியிருப்பவர், அதன் விலையையும் அங்கேயே கொடுக்க வேண்டியிருக்கும்.

பிரெண்டன் மெக்கல்லம் டெஸ்ட் அணியின் பயிற்சியாளராகவும் பென் ஸ்டோக்ஸ் தலைவராகவும் பொறுப்பேற்ற 2022 முதல் இந்தத் தாண்டுதல் ஏறக்குறைய ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. அப்போது சாமர்செட் அணியில் இருந்த உயரமான சுழற்பந்து வீச்சாளர் சோயிப் பஷீர், குக்குக்கு எதிராக வீசிய பந்துகளின் சிறு காணொளியைச் சமூக ஊடகத்தில் பார்த்த ஸ்டோக்ஸ், அதைத் தன் குழுவினருக்கு அனுப்பினார். கவுண்டியில் சொல்லிக்கொள்ளும் கணக்கு இல்லாத பஷீர் 2024இல் இந்தியாவில் டெஸ்ட் ஆடினார். ஜேக்கப் பெத்தல் ஒரு முதல்தரச் சதம்கூட இல்லாமல், 2024 நவம்பரில் கிறைஸ்ட்சர்ச்சில் மூன்றாம் இடத்தில் இறக்கப்பட்டார். மூத்தோர் கிரிக்கெட்டில் எந்த வகை ஆட்டத்திலும் அவர் அடித்த முதல் சதம், 2025 செப்டம்பரில் இங்கிலாந்துக்காகவே, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் வந்தது. கவுண்டியில் ஆண்டுக்கு ஆயிரம் ஓட்டம் எடுத்துக்கொண்டிருக்கும் முப்பது வயதுக்காரர்களுக்கு இது எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை. ஓட்டங்களை எண்ணுவதைவிட, உயரம், வேகம், பந்தை விடுவிக்கும் கோணம், பந்தைச் சந்திக்கும்போது கிடைக்கும் நேரம் போன்ற பண்புகளைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது இவர்களின் வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு; ஆயினும் பார்த்தவுடன் பிடித்துப்போகும் பண்புகளுக்கு முன்னுரிமை கொடுத்தால், பதினான்கு வயதில் சிறிய உடலோடு தடுத்துக்கொண்டிருந்த ரூட் போன்ற பையன் யார் கண்ணில் படுவான் என்ற கேள்வி எஞ்சுகிறது.

இன்றைய இளைஞருக்குச் சூழலும் மாறியிருக்கிறது. இருபது ஓவர் ஆட்டத்தைத் தொழில்முறையில் 2003இல் தொடங்கி வைத்ததே இங்கிலாந்துதான். 2021இலிருந்து ஆகஸ்ட் மாதத்தின் பெரும்பகுதியை எட்டு அணிகளின் நூறு பந்துப் போட்டி எடுத்துக்கொள்கிறது. அதில் இடம் கிடைத்தவர்கள் கவுண்டியை விட்டு விலகியிருக்க, அதே நேரத்தில் நடக்கும் ஐம்பது ஓவர் கோப்பையில் பதினெட்டு, பத்தொன்பது வயதுச் சிறுவர்கள் கவுண்டியின் முதல் அணிக்குள் நுழைகிறார்கள். இதனால் ஒருவரின் பதிவேட்டில் “கவுண்டி அறிமுகம்” என்று இருந்தாலே அவர் முழு பலமுள்ள அணியில் இடம்பிடித்தார் என்று பொருளில்லை. எந்தக் கோப்பையில், எந்த மாதத்தில் என்று பார்க்க வேண்டும். மறுபுறம், களம் காய்ந்து சுழற்பந்து எடுபடும் அந்த வாரங்களில் நான்கு நாள் ஆட்டங்கள் குறைந்திருப்பதால், ரூட் ஓர் ஆகஸ்டில் ஸ்கார்பரோவில் 160 எடுத்தது போன்ற நீண்ட இன்னிங்ஸுக்கு இன்றைய இருபது வயது மட்டையாளர் பெரும்பாலும் மே மாதத்து ஈரக்களத்தையோ செப்டம்பர் மாதத்து மங்கிய வெளிச்சத்தையோதான் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.